களைக்கொல்லி வேண்டாமென்றால் கார்புரேட்டரைக் கழற்றத் தெரியணும்

ஐப்பசி மழைக்குப் பிறகு தோப்பில் புல் முழங்கால் உயரம். பிரஷ் கட்டரை எடுத்து இழுத்தால் கிளம்பவே இல்லை. முப்பது இழுப்பு இழுத்திருப்பேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். வாங்கிய கடையில் "வச்சுட்டுப் போங்க சார், பத்து நாள் ஆகும்" என்றார்கள். பத்து நாளில் புல் விதை கட்டிவிடும். பக்கத்துத் தோட்டக்காரரோ, "எதுக்குங்க இந்தப் பாடு? ஒரு டப்பா மருந்து வாங்கி அடிச்சு விடுங்க" என்றார். ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது நிஜம்.

கடைசியில் நானே ஸ்பேனரை எடுத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் தொட வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி வருகிறது. ஆனால் பிளக் காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. (நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், துடைத்து, காயவைத்து, சோக்கைத் திறந்துவிட்டு இழுக்கணும்.)

தப்பு என்னுடையதுதான். ஆனி மாதம் வெட்டி முடித்ததும் டேங்கில் மிச்சத்தோடு அப்படியே மாட்டி வைத்துவிட்டேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் ஆவியாகப் போக, மிஞ்சியது பிசின் மாதிரி கார்புரேட்டரின் சின்னத் துளையை அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தாமல், கிளீனர் அடித்து ஊதி எடுத்தேன். உள்ளேயிருந்த மெல்லிய ரப்பர் சவ்வும் விறைத்திருந்தது, மாற்றினேன். புதுப் பெட்ரோல் ஊற்றியதும் நாலாவது இழுப்பில் கிளம்பியது. இப்போதெல்லாம் எடுத்து வைக்கும்முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலைக் கண் அளவில் ஊற்றாதீர்கள். கையேட்டில் 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி.

வங்கியில் இருந்தபோது எத்தனையோ டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் கடன் கொடுத்திருக்கிறேன். கொட்டேஷன், மார்ஜின், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பேன். 'ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?' என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மானியத்தில் இயந்திரம் கொடுக்கும்போது இன்றைக்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நாமும் அப்படித்தான். பயிற்சிக்குப் பயிற்சி பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் கற்றுத்தருகிறோம். ஒரு ஸ்பேனரைப் பிடிக்கக் கற்றுத்தந்தோமா? இயற்கை வழிக்கு வந்த புதியவர் களைக்கொல்லிக்குத் திரும்புவது கொள்கை மாறி அல்ல, பல நேரம் கட்டர் கிளம்பாமல்தான்.

ஒவ்வொரு பயிற்சியிலும் அரை நாளை இதற்கு ஒதுக்க வேண்டும். அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு வரும்போது மூலையில் கிடக்கும் கட்டரையும் தூக்கி வாருங்கள். பிளக் ஸ்பேனர் நான் கொண்டுவருகிறேன்.