கட்டிக்கு விலைபோகும் காவல் படை!

“டாக்டர், எதிர்ப்பு சக்தி கூடுறதுக்கு ஒரு லேகியம் கொடுங்க. கட்டி தானா கரைஞ்சிடும்ல?”

நாடி பார்க்கக் கை நீட்டியபடியே அந்த அம்மா கேட்டார். ஆறு மாதமாக யாரோ கொடுத்த சூரணத்தைச் சாப்பிட்டிருக்கிறார். நெல்லிக்காய் அளவு இருந்த மார்புக் கட்டி இப்போது எலுமிச்சை அளவு. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. சித்த வைத்தியனான நானே சொன்னேன், “கரையாதும்மா!”

ஏன் தெரியுமா? வெள்ளணுக்கள்தான் நம் உடம்பின் காவல் படை. அதில் ‘டி’ செல்கள் புற்று அணுவை அடையாளம் கண்டு கொல்லும். ‘மேக்ரோஃபேஜ்’ என்ற விழுங்கணுக்கள் வேண்டாததை விழுங்கும். ஆனால் புற்றுநோய் லேசுப்பட்ட எதிரியா? விழுங்கணுக்களையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அவை கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் உண்டாக்கிக் கொடுத்து, பரவவும் உதவும். டி செல்லில் ‘பிடி-1’ என்றொரு பிரேக் உண்டு. அதை அழுத்தி, அந்தச் செல்லையும் முடக்கிவிடும். காவலாளியே திருடனோடு சேர்ந்த பிறகு, இன்னும் ஆள் சேர்த்து என்ன லாபம்?

இந்த பிரேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் மருந்து ‘பெம்ப்ரோலிசுமாப்’. ‘டிரிபிள் நெகடிவ்’ வகை மார்பகப் புற்றில், நோய் பரவுவதற்கு முன்பே, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுக்க 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. பிரேக் விடுபட்ட படை சிலருக்குத் தைராய்டு, நுரையீரல், குடலையும் தாக்கிவிடும். எதிர்ப்பு சக்தி என்பது கூட்டிக்கொண்டே போகிற சமாச்சாரம் அல்ல என்பது புரிகிறதா?

“அப்போ சித்த மருந்தே வேண்டாமா?” என்பீர்கள். சிகிச்சையின்போது பசியெடுக்க, மலச்சிக்கல் தீர, தூக்கம் வர நாங்கள் துணை நிற்கலாம். ஆனால் அது புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். ஒளித்துச் சாப்பிடும் கஷாயம் அவருடைய மருந்தோடு மோதலாம்.

வாசகிகளே! மார்பில் கட்டி, தோல் குழிவது, காம்பில் ரத்தம்... எது தெரிந்தாலும் “வலிக்கலையே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வலிக்காத கட்டியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். “ஊசி குத்தினா பரவிடும்” என்ற பயமும் வேண்டாம். முதலில் பயாப்சி, பிறகு சிகிச்சை. லேகியம் காத்திருக்கும். கட்டி காத்திருக்காது!