மலைத்தேனும் பெட்டித்தேனும்



தேனீ வளர்ப்போர் ஓரிடத்தில் கூடி, வல்லுநர்களின் உரைகளைக் கேட்டு, கடைகளில் பெட்டிகளையும் கருவிகளையும் பார்த்து வாங்கிச் செல்லும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அவர்களுடைய முதல் பன்னாட்டு மாநாடு 1897இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடியது. வெப்பமண்டல நாடுகளின் தேனீ வளர்ப்புக்கென 1980இல் புதுடில்லியில் ஒரு மாநாடு நடைபெற்றது. 2018 முதல் மே 20 உலகத் தேனீ நாளாகக் கொள்ளப்படுகிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலையடிவாரத்தில் இத்தகைய கூட்டம் ஒன்று கூடுமானால் அங்கே எதைப் பேச வேண்டும்? இம்மாதம் அதைச் சிந்திப்போம்.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்திற்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அதன் 68ஆம் வசனம் தேனீயின் உறைவிடங்களாக மலைகளையும், மரங்களையும், மனிதர் கட்டுபவற்றையும் குறிப்பிடுகிறது. நம் மண்ணின் தேனீக்களையும் அவ்வாறே மூன்று நிலைகளில் காணலாம்.

பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பேரடையைத் தொங்கவிட்டு வாழ்வது மலைத்தேனீ. திறந்த வெளியில் கூடு கட்டிப் பருவத்திற்கேற்ப இடம்பெயரும் இயல்புடைய இதனைப் பெட்டியில் அடைக்க இயலாது. மரப்பொந்தில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டி வாழ்வது இந்தியத் தேனீ. மனிதன் செய்த பெட்டிக்குள் குடியேற இசைவது இதுவே.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கடுக்காய், புளி ஆகியவற்றோடு தேனையும் சேகரிப்பவர்கள். உயரத்தில் ஏறி, கொட்டுக்களைத் தாங்கி, உயிரைப் பணயம் வைத்து எடுப்பது அந்தத் தேன். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வனப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டு, அதனைச் சேகரிக்கவும் விற்கவும் அம்மக்களுக்கு உரிமை அளிக்கிறது. 2013-14இல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்திலும் தேன் இடம்பெற்றது. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? நியாய விலை கையில் கிடைக்க வேண்டாமா? ஆகவே, மலையடிவாரத்தில் கூடும் கூட்டத்தில் பேராசிரியர்கள் மட்டும் பேசி, தேனெடுப்பவர் கீழே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது முறையன்று. அவரும் மேடையேற வேண்டும். அடை முழுவதையும் அறுத்தால் புழுக்களும் அழியும். தேன் சேர்ந்திருக்கும் மேற்பகுதியை மட்டும் எடுத்தால் கூட்டம் பிழைக்கும். அந்தப் பக்குவத்தை அவர் வாயால் கேட்பதே சிறப்பு.

இனி, பெட்டிக்கு வருவோம். 1911-17 ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, கிராம மக்களுக்குப் பயிற்சியளித்தார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் அத்தொழிலை ஊன்றினார். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்தளிரில் சுரக்கும் மதுவே அங்கு தேனுக்கு மூலதனமாயிற்று. எனினும் 1991-92இல் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னகத்தின் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கியது. பலரும் தொழிலையே கைவிட்டனர்.

எனவே, கண்காட்சிக் கடையில் பெட்டி வாங்கும் சகோதரிகள் சில கேள்விகளை அவசியம் கேட்க வேண்டும். பெட்டியுடன் தேனீக் கூட்டமும் இராணியும் தருவார்களா? நோயற்ற கூட்டம் என்பதற்கு யார் பொறுப்பு? அடுத்துப் பயிற்சி எங்கே கிடைக்கும்? நம் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் முருங்கை, புளி, வேம்பு, நாவல், புங்கம், எள் எனப் பூக்கும் தாவரங்கள் உண்டா? பூச்சிமருந்து தெளிக்கும் வயல் அருகில் உள்ளதா? பெட்டியை வாங்கியவுடன் வருமானம் கொட்டும் என்று விற்பனையாளர் கூறுவாரானால், அவர் தேனீயை அறியாதவர் என்று எண்ணுங்கள்.

கலப்படத்தையும் பேசியாக வேண்டும். 2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைப் பரிசோதித்ததில், எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே என்று அறிவித்தது. நிறுவனங்கள் சில அதனை மறுத்தன. தண்ணீரில் சொட்டுவது, திரியில் நனைத்துக் கொளுத்துவது ஆகிய வீட்டுச் சோதனைகளை நம்ப இயலாது. உறைந்த தேனெல்லாம் போலியும் அன்று. நல்ல தேனும் உறையும். சர்க்கரைப் பாகு மலிவாகத் தேன் என்ற பெயரில் விலைபோகும்போது நட்டமடைவது வாங்குபவர் மட்டுமல்லர்; பாறையில் தொங்கித் தேனெடுத்தவருந்தான்.

மற்றோர் எச்சரிக்கை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றில் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. தூய தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச் செய்யக்கூடும். பெரியவர்க்கு மருந்தாவது பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

தேன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அது எந்த மலையிலிருந்து வந்தது, எடுத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் கேட்போமாக. கேட்பவர் பெருகினால், விற்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.