பதிவுப் பெட்டியின் நினைவு எத்தனை நாள்?

"இவ்வளாகம் கேமராவால் கண்காணிக்கப்படுகிறது" என்னும் பலகையை வங்கிக் கிளையின் வாயிலில் காணாத வாடிக்கையாளர் இருக்க மாட்டார். கூரையோரக் கேமராவைச் சிலர் அண்ணாந்து பார்ப்பதும் உண்டு. ஆனால் அது கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கும் கருவியை எவரும் பார்ப்பதில்லை. மின்கலங்கள் அடுக்கிய சிற்றறை ஒன்றில், பூட்டிய இரும்பு அலமாரிக்குள், விசிறியின் மெல்லிய இரைச்சலோடு அது இயங்கிக்கொண்டிருக்கும். என்.வி.ஆர். என்று தொழில்நுட்பர் அழைக்கும் வலைவழிக் காணொலிப் பதிவுக் கருவி அது. பணப்பெட்டகம், ஏ.டி.எம்., லாக்கர் பற்றியெல்லாம் இவ்விதழில் பலமுறை எழுதியுள்ளோம். இந்தப் பெட்டியைப் பற்றி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் உண்டு.

தீபாவளிக்கு முன்பு ஒரு கிளைக்கு மூத்த பெண்மணி ஒருவர் வந்தார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே லாக்கரைத் திறப்பது அவர் வழக்கம். அன்று திறந்து எண்ணிப் பார்த்ததில் இரண்டு வளையல்கள் குறைந்தன. பதிவேட்டைப் பார்த்தோம், சென்ற ஆண்டு அவர் இட்ட கையொப்பத்துக்குப் பின் அந்த லாக்கர் திறக்கப்பட்டதாகக் குறிப்பே இல்லை. கேமராப் பதிவைக் கேட்டார். கடந்த 180 நாள்களின் காட்சிகள் இருந்தன; அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதம்? கருவி தன் வழக்கப்படி அழித்து, அதன் மேல் புதிய நாள்களை எழுதிவிட்டிருந்தது. சென்ற ஆண்டு வளையல்களை வீட்டிலேயே விட்டாரா, உறவினருக்குக் கொடுத்து மறந்தாரா, வேறேதும் நடந்ததா என்பதை அவராலும் உறுதிசெய்ய முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை. அவர் எவரையும் குற்றஞ்சாட்டாமல் எழுந்து போனார். அதுதான் எங்களுக்கு உறுத்தியது.

விதியை அக்கிளை மீறவில்லை. லாக்கர் தொடர்பான வழக்கொன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் பொறுப்பைக் கைகழுவிவிட முடியாது என்று கூறி, புதிய நெறிமுறைகளை வகுக்குமாறு ரிசர்வ் வங்கியைப் பணித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 18இல் வெளியாகி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த நெறிமுறைகளின்படி, பெட்டக அறையின் நுழைவு, வெளியேறும் வழி, பொதுப் பகுதிகள் ஆகியவற்றின் கேமராப் பதிவுகளைக் குறைந்தது 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். தம் அனுமதியின்றி லாக்கர் திறக்கப்பட்டதாக வாடிக்கையாளர் முறையிட்டால், காவல்துறை விசாரணை முடிந்து தகராறு தீரும் வரை அப்பதிவை அழிக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆயினும் 180 நாள் என்பது தரை. அதையே கூரையாகக் கொண்டுவிடுவது வங்கிகளின் பழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை லாக்கருக்கு வருவோர் மிகுந்த நாட்டில், பெட்டக வாயிற்பதிவு ஓராண்டேனும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

செலவு பெரிதாகும் என்பது முதலில் எழும் மறுப்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். முன்பு ஒவ்வொரு கேமராவிலிருந்தும் தனிக் கம்பி வந்து பழைய டி.வி.ஆர். கருவியில் சேரும். இன்றைய கேமராவோ கணினியைப் போல் தனக்கென ஒரு முகவரி உடையது. காட்சியைத் தானே சுருக்கி வலையமைப்பின் வழியே அனுப்புகிறது. பதிவுக் கருவி ஒன்று 16, 32, 64 என்று கேமராக்களை ஏற்கும். பெரிய அலுவலகங்களில் இத்தகைய பல கருவிகளை ஒரே மென்பொருளின் கீழ் இணைப்பார்கள். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்கு 43.2 ஜிகாபைட் ஆகும். 32 கேமராக்களுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 1.38 டெராபைட், 180 நாளுக்கு 249 டெராபைட். எல்லாக் கேமராக்களின் பதிவையும் ஓராண்டு வைக்கச் சொன்னால் இதைப் போல் இரண்டு மடங்கு. அது வீண்செலவே. வாகன நிறுத்தத்தில் சென்ற ஆண்டு நின்ற ஸ்கூட்டர் யாருக்கு வேண்டும்?

ஆனால் நாங்கள் கேட்பது பெட்டக வாயிலை நோக்கும் இரண்டு கேமராக்களுக்கு மட்டும். எச்.265 முறையில் சுருக்கினால் பழைய எச்.264 முறையில் ஆகும் இடத்தில் ஏறத்தாழப் பாதி போதும். வினாடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால் இரண்டு கேமராக்களின் முழு ஆண்டுப் பதிவு 16 டெராபைட்டுக்குள் அடங்கும். அந்த அளவுள்ள ஒரே வன்தட்டு இன்று கடையில் கிடைக்கிறது. மறுபடி ஒன்றுக்காக இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளலாம். அசைவு இருக்கும்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் இதிலும் மிகக் குறையும் என்பார்கள். பெட்டக வாயிலுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பதிவில் விழும் இடைவெளி ஒவ்வொன்றும் பின்னர் ஒரு கேள்வியாகும்.

லாக்கர் திறக்கப்பட்ட அன்றே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வந்துவிடுகின்றனவே என்பது மற்றொரு மறுப்பு. வரத்தான் செய்கின்றன, அதே நெறிமுறைகள் தந்த பயன் அது. ஆனால் பதிவேட்டில் ஏறிய திறப்புக்குத்தான் செய்தி வரும். ஏறாத ஒன்றுக்குக் கேமரா மட்டுமே சாட்சி.

பதிவின் ஆயுள் எவ்வளவு முக்கியம் என்பதை வங்கித் துறை ஒருமுறை நன்றாகவே உணர்ந்தது. 2016 நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரை, பணமதிப்பிழப்புக் காலத்தின் 53 நாள் பதிவுகளைப் பாதுகாக்குமாறு ரிசர்வ் வங்கி டிசம்பர் 13 அன்று பணித்தது. முதல் நாளுக்கும் கட்டளை வந்த நாளுக்கும் இடையே 35 நாள்கள். 30 நாள் நினைவுள்ள ஒரு கருவியில், யாரும் முன்கூட்டியே எடுத்து வைக்காதிருந்தால், தொடக்க நாள்கள் அதற்குள் போயிருக்கும். அப்பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று 2021 ஜூனில் மீண்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது. கருவிக்கு எது முக்கியமான நாள் என்று தெரியாது. நிரம்பியதும் மிகப் பழையதை அழிக்கும். ஒருவர் தலையிட்டு இதை வை என்று சொன்னால்தான் வைக்கும்.

நாள் கணக்கோடு முடிவதில்லை. கருவியின் கடிகாரம் பிழையானால் ஓராண்டுப் பதிவும் குழப்பமே. நாங்கள் கண்ட ஒரு கிளையில் அது 17 நிமிடம் முந்தி ஓடியது. பதிவேட்டில் 11.10க்கு வந்தவர் காட்சியில் 11.27க்கு வருகிறார், இருவர் அடுத்தடுத்து வந்த நாளில் யார் எவர் என்று பிரிப்பதற்கே அரை நாள் பிடித்தது. வலைவழியே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு எல்லாக் கருவியிலும் உண்டு. அதை இயக்கி வைக்கத்தான் ஆள் இல்லை.

வன்தட்டும் சாகும். ஆகவே பல தட்டுகளில் பகிர்ந்து எழுதும் ரெய்டு முறை வேண்டும் (பெயரைக் கேட்டு வருமான வரித் துறையை நினைக்க வேண்டாம்). அதில் ஐந்தாம் வகை ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். ஆறாம் வகை இரண்டைத் தாங்கும். தட்டு செத்ததை அறிவிக்கும் சிவப்பு விளக்கை அன்றாடம் ஒருவர் பார்த்தாக வேண்டும். கடவுச்சொல்லும் அப்படியே. 2016இல் மிராய் என்னும் தீம்பொருள், ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் தன்வசப்படுத்தியது. காவல் காக்க வைத்த பெட்டியே திருடனுக்குக் கருவியானது.

எங்கள் கோரிக்கைக்கு எதிரான வாதங்களில் நாங்கள் மதிப்பது ஒன்று: நெடுநாள் வைத்திருக்கும் பதிவு, வாடிக்கையாளரின் நடமாட்டத்தைப் பற்றிய நெடுநாள் குறிப்பும் ஆகும். யார் எப்போது நகையெடுக்க வந்தார் என்பது தவறான கைக்குப் போகக் கூடாது. எனவே ஓராண்டு வைப்பதெனில், அதைத் திறந்து பார்த்தவர் பெயரும் நேரமும் தனியே பதிவாக வேண்டும். கிளையில் ஒருவர் மட்டும் தனித்துத் திறக்க இயலாதபடி இருவர் அனுமதி வேண்டும். லாக்கர் சாவிக்கு நாம் காட்டும் அதே கண்டிப்புத்தான் இது.

வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, காணொலியின் நகலோடு சான்றிதழும் தர வேண்டும். கோப்பின் ஒரு பிட் மாறினாலும் தானும் மாறிவிடும் ஹேஷ் எண் அதில் இடம்பெறும். கைப்பேசியால் திரையைப் படம்பிடித்து எடுத்துச் செல்வது பயன்படாது. கிளையில் முறையாக நகலெடுக்கக் கேட்க வேண்டும்.

விதி மாறும் வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. லாக்கரை ஐந்து மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போது இரு வருகைகளுக்கு இடைப்பட்ட எந்த நாளும் 180 நாளுக்கு அப்பால் போகாது. பொருள் குறைந்தால் வாய்மொழியாகச் சொல்லித் திரும்பாமல், நாள் குறித்து எழுத்தில் முறையிட்டு, பதிவைப் பாதுகாக்குமாறு அதிலேயே கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். பணம் தொடர்பான முறையீட்டிலும் இவ்வாறே செய்யலாம். கைப்பேசி எண் மாறியிருந்தால் அதைக் கிளையில் இந்த வாரமே புதுப்பித்துவிடுங்கள். பழைய எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்தியை வேறு யாரோ படித்துக்கொண்டிருப்பார்.