எடைக்கு வராதவர்கள்

காற்று சுத்தமா அசுத்தமா என்பதை எடை போட்டுச் சொல்கிறார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி, 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இது 2009ஆம் ஆண்டுத் தேசியத் தரம். சரி, இது யாருடைய காற்று?

1955 முதல் ரயில்பெட்டி செய்கிற பெரம்பூரிலிருந்து கேட்கிறேன். வெல்டிங் சுடரில் இரும்பு கொதித்து ஆவியாகிறது. காற்றுப் பட்டதும் ஆக்சைடாகி உறைகிறது. பிறக்கும்போது ஒரு துகள் சில பத்து நானோமீட்டர்தான். பிறகு சரம்சரமாக ஒட்டிக்கொள்கிறது. அப்போதும் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்குக் கீழேதான். மூக்கு தடுக்காது, நுரையீரலின் அடிவரை போகும். 10 மைக்ரான் புழுதி ஒன்றின் எடைக்கு, அதே அடர்த்தியுள்ள 0.1 மைக்ரான் துகள் 10 லட்சம் வேண்டும். தராசுக்கு இரண்டும் ஒன்று. நெஞ்சுக்கும் ஒன்றா?

நான் வங்கிக் குமாஸ்தா. சில்லறை மூட்டையை எடை போட்டு வாங்கலாம். நோட்டுக் கட்டை எண்ணித்தான் ஆகணும். மதிப்புள்ளதைத்தான் எண்ணுவார்கள். 1880களிலேயே ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கென், ஈரம் படியவைத்துத் தூசியைப் பெரிதாக்கி எண்ணிக் காட்டிவிட்டார். கருவி இல்லை என்று சொல்லாதே. மனசு இல்லை என்று சொல்.

சட்டத்தைப் பாருங்கள். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த அட்டவணை, வெல்டிங் புகையை 8 மணி நேரச் சராசரியாக 5 மில்லிகிராம் வரை அனுமதித்தது. அதாவது 5000 மைக்ரோகிராம். ரோட்டில் 60, பட்டறையில் 5000! கேட்டுக்கு வெளியே ஒரு நுரையீரல், உள்ளே இன்னொன்றா? 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று முதல் பிரிவிலேயே வைத்தது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, மின்சாரம் ஓடும் பட்டறை ‘தொழிற்சாலை’ ஆவதற்கு 10 பேர் போதும் என்றிருந்ததை 20 ஆக்கியது.

காயலாங்கடையில் கேஸ் கட்டர் பிடிக்கிறவன், ஒயரை எரித்துச் செம்பு பொறுக்குகிறவள்... மூணு பேர், நாலு பேர். இவர்கள் 20க்குள்ளும் வரமாட்டார்கள், தராசிலும் வரமாட்டார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நம்மிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலக்குழிக்குள் ஆளை இறக்கிய அதே சாதிதான் இந்தப் புகைக்குள்ளும் ஆளை நிறுத்துகிறது.

துகளை எண்ணு. தெருமுனைக் கம்பத்தில் அல்ல, வேலை செய்கிறவனின் சட்டைக் காலரில் கருவியை மாட்டி எண்ணு. வந்த எண்ணைப் பட்டறை வாசலில் தமிழில் எழுதிப் போடு. வளர்ச்சியைப் பற்றி அப்புறம் பேசலாம்.