ஒரு வாரப் பயிற்சியில் நெசவாளருக்கு இடம் எங்கே?

பழம் படங்களையும் ஏடுகளையும் கலைப்பொருள்களையும் கணிப்பொறியில் ஏற்றி ஆராயும் முறையைக் கற்பிப்பதற்கென்று, ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்னும் அளவில் நடைபெறும் தீவிரப் பயிற்சி வகுப்புகள் இன்று உலகின் பல பகுதிகளிலும் பெருகியுள்ளன. இலக்கியம், வரலாறு முதலியவற்றைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்வதை எண்ணிம மானுடக் கலைகள் என்கின்றனர். ஓவியம், புகைப்படம், துணி, கட்டடம், விளம்பரம் என்று கண்ணுக்குப் புலனாகும் அனைத்தையும் பற்றிய படிப்புக்குக் காட்சிப் பண்பாடு என்று பெயர். பெயர்கள் சற்று மிரட்டுவனவாக இருப்பினும் பொருள் எளியதே.

இது பேராசிரியர்களின் விவகாரம், தறிக்காரருக்கும் உழவருக்கும் இதில் என்ன வேலை என்று நம் அங்கத்தினருள் சிலர் கருதக்கூடும். அக்கருத்து சரியன்று என்பதே நமது வாதம். அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சேலைக்கு என்ன பெயர் எழுதப்படும், எந்த விவரம் சேர்க்கப்படும், எது விடப்படும் என்பதைப் பெருமளவுக்கு இனித் தீர்மானிக்கப்போகிறவர்கள் இத்தகைய வகுப்புகளில் பயின்று வருவோரே ஆவர். அவ்வகுப்பில் நெய்தவனின் குரல் ஒலிக்காவிட்டால், பதிவேட்டிலும் அது ஒலிக்கப்போவதில்லை.

இத்துறையின் தொடக்க வரலாறே ஒரு நெசவு ஊரில் நிகழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. ராபர்ட்டோ பூசா என்னும் இத்தாலிய ஏசுசபைத் துறவி, புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிய நூல்களின் சொற்கள் அனைத்தையும் அகரவரிசைப்படுத்த விரும்பி, 1949-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்பெனியின் தலைவரைக் கண்டு உதவி பெற்றார். சொற்கள் துளையிட்ட அட்டைகளில் ஏற்றப்பட்டன. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் சொற்கள் கொண்ட அப்பணி, 1974 முதல் 1980 வரையில் 56 தொகுதிகளாக அச்சேறியது. இதற்கென 1950-களில் வட இத்தாலியின் கல்லராத்தே என்னும் ஊரில் பூசா ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவருடைய நிலையம் 1960-களில் இயங்கிய கட்டடம், முன்பு நெசவாலையாக இருந்ததேயாகும்.

அப்பள்ளியில் பயின்றோர் பெரும்பாலும் படிப்பை முடித்து முதன்முதலாக வேலைக்கு வந்த இளம்பெண்கள். ஒரு மாதச் சோதனைக்குப்பின் ஐவரில் ஒருவரே தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும், தேர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக நான்கு பருவங்கள் பயிற்சி அளிக்கப்பட்டதாகவும் பூசாவே எழுதியுள்ளார். அவர் கூறும் மற்றொரு செய்தி மிகவும் கவனிக்கத்தக்கது. லத்தீன் எழுத்தில் பழகிய அப்பெண்கள் எபிரேய எழுத்துக்கும் ரஷ்ய எழுத்துக்கும் மாறுவதற்கு இரண்டே வாரங்கள் போதுமானவையாக இருந்தனவாம். வேகம் குறைந்ததாம், பிழையும் குறைந்ததாம். இரண்டு வாரம் போதுமானதன் காரணம், அதற்கு அடியில் நீண்ட பழக்கம் இருந்ததுதான். குறுகிய காலப் பயிற்சியின் வலிமையும் வரம்பும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அப்பெண்கள் யார் யார் என்று உலகம் நெடுங்காலம் கேட்கவேயில்லை. துறையின் தந்தை என்று பூசாவைப் போற்றியவர்கள், அட்டையில் துளையிட்ட விரல்களைப் பற்றி எழுதவில்லை. மெலிசா டெராஸ், ஜூலியன் நைஹான் ஆகிய அறிஞர்கள் பழம் புகைப்படங்களை வைத்துக்கொண்டு அவர்களைத் தேடிச்சென்றதும், நைஹான் அவர்களது வாய்மொழியைப் பதிந்து 2022-இல் நூலாக வெளியிட்டதும் மிக அண்மைக்கால நிகழ்ச்சிகள். துளையிட்ட அட்டையைத் தறியில் பூட்டிப் பூவேலை நெய்பவர் நம்மிடையே உண்டு. லியோன் நகரத்து ஜக்கார்டின் தறியிலிருந்தே கணிப்பொறி பிறந்தது என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது சற்று மிகை. ஆயினும் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணமிட்டு, கட்டத்துக்கு ஒரு துளையாக அட்டையில் மாற்றும் நம் உருவரைஞர்க்கு, கணிப்பொறிப் படம் என்பது புள்ளிகளின் தொகுப்பே என்று எவரும் வகுப்பெடுக்க வேண்டிய அவசியமில்லை.

நிற்க. இன்றைய வகுப்புகளுக்கு வருவோம். கனடாவில் 2001-இல் தொடங்கி விக்டோரியா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கோடைக்காலப் பயிற்சி, நூற்றுக்கணக்கானோர் ஒரே வாரத்தில் கூடிப் பல பிரிவுகளாகக் கற்கும் பெருவிழாவாக வளர்ந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2009-இல் ஐரோப்பியக் கோடைப் பயிற்சி தொடங்கிற்று. கலை வரலாற்றாசிரியர்க்கென்றே 2014-ஆம் ஆண்டுக் கோடையில், கெட்டி அறக்கட்டளையின் பொருளுதவியுடன், லாஸ் ஏஞ்சலிஸிலும் வர்ஜீனியாவிலுள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலும் முகாம்கள் நடைபெற்றன. பழைய தேசப்படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்துதல், ஓவியர்க்கும் வணிகர்க்கும் இடையிலான தொடர்பை வலைபோல் வரைந்து காட்டுதல், இடிந்த கட்டடத்தைத் திரையில் முப்பரிமாணமாக எழுப்புதல், பல நாட்டு அருங்காட்சியகப் படங்களை ஒரே திரையில் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தல் போன்றவை இவ்வகை வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. பட்டியலில் ஒரே ஊரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைச் சீர்செய்யும் அலுப்பூட்டும் வேலையும் உண்டு. உண்மையில் பயன் மிகுந்தது அதுதான்.

இவற்றைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. வேலையை விட்டு ஓராண்டு படிக்கப் போக இயலாத நூலகர், பள்ளி ஆசிரியர், சிற்றூர் அருங்காட்சியகக் காப்பாளர் ஆகியோர்க்கு ஒரு வார வகுப்பே வாயில். கையில் தம் சொந்தப் பொருளோடு செல்பவர் அந்த ஒரு வாரத்தில் அடையும் முன்னேற்றம், வெறுங்கையோடு சென்று மாதிரிப் பாடத்தைச் செய்து திரும்புபவர்க்கு வாய்ப்பதில்லை.

வெனிஸ் நகரத்து உதாரணம் இதனை விளக்கும். அந்நகரில் யூதர்களை ஒதுக்கிக் குடியிருத்திய பகுதி 1516-இல் ஏற்பட்டது. இடம் விரிய வழியில்லாமையால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்து ஏழு, எட்டு அடுக்குகள் வரை உயர்ந்தன. அதன் 500-ஆம் ஆண்டான 2016-இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் வெனிஸ் கல்விநிலையங்களும் சேர்ந்து அப்பகுதியைப் பற்றி ஒரு கோடைப் பட்டறை நடத்தின. மாணவர் சில நாட்களே பயின்றனர். ஆனால் ஆசிரியர் குழுவோ பல ஆண்டுகளாக வெனிஸின் ஆவணங்களையும் பழைய வரைபடங்களையும் துருவிக்கொண்டிருந்தது. அடியில் பாவு ஓடியிருந்தது. மாணவர் ஊடை கோத்தனர். பாவே இல்லாத இடத்தில் ஒரு வாரம் நாடாவை வீசிப் பயனென்ன?

துணியைப் பொறுத்தவரை அந்தப் பாவு யாரிடம் இருக்கிறது? காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் வெவ்வேறு நாடாக்களில் வந்து, சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. மூன்று நாடாக்கள் வேண்டும்; துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். உடலின் ஊடையையே கரைவரை ஓட்டி நெய்த சேலையும் புகைப்படத்தில் பெரும்பாலும் இதுபோலவே தோன்றும். மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முந்தியில் நிறம் மாறுமிடத்தில் பாவிழைகளைப் பிணைத்த சுவடும் அப்படியே. நெசவுக் குடும்பத்துப் பிள்ளை விரலால் தடவியே சொல்லிவிடும் இதனை, உயர்ந்த நிழற்படக் கருவி முன்புறத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் சொல்லாது. துணியின் மறுபுறத்தையும் படமெடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லுவதற்கு ஒரு நெசவாளர் இருந்தாரா? பதிவேட்டில் ‘பட்டு, ஜரிகை, கரையுடன்’ என்று மட்டும் எழுதிவிட்டால், தேடும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. நாளை படிக்கும் மாணவனுக்கும் ஒன்றே. கூலியைப் பொறுத்தவரை மாத்திரம் ஒன்றல்ல.

உழவர் பெருமக்களுக்கும் இது புரியாததன்று. ஐந்து நாள் மண் பரிசோதனைப் பயிற்சி கருவியைக் கையாளக் கற்பிக்கும். எந்த வயலின் எந்த மூலையில் உவர் பூக்கும் என்பதை அந்த வயலில் இறங்கி உழுதவரே அறிவார்.

நெசவாளரை விட்டுவிட்டுத் துணியைப் பட்டியலிடும் வழக்கம் புதியதன்று. லண்டனில் இந்தியா அலுவலகத்தில் பணியாற்றிய ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866-இல் இந்தியத் துணி மாதிரிகள் 700-ஐ 18 தொகுதிகளில் ஒட்டி, அவற்றை 20 படிகளாக வெளியிட்டார். பதின்மூன்று படிகள் பிரிட்டனிலேயே, பெரும்பாலும் ஆலை நகரங்களுக்கு வழங்கப்பட்டன. ஏழு இந்தியாவுக்கு வந்தன. முழுத் துணிகளைக் கத்தரித்தே மாதிரிகள் எடுக்கப்பட்டன. நீளம், அகலம், எடை, துணி கிடைத்த ஊர் ஆகியவை அக்கறையோடு குறிக்கப்பட்டன. இந்திய மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்பதைப் பிரிட்டிஷ் ஆலைக்காரர் அறிந்து அவ்வாறே செய்து விற்கவேண்டும் என்பதே நோக்கம். நெய்தவர் இன்னார் என்று குறிக்க அங்கே இடமில்லை. அந்நோக்கத்துக்கு அது தேவைப்படவுமில்லை. லங்காஷயரின் பிரெஸ்டன் நகரத்து ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படி இக்காலத்தில் கணிப்பொறியில் ஏற்றப்பட்டுள்ளது. எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் 1866-இல் விடப்பட்டதை இயந்திரம் தானாகச் சேர்த்துவிடாது. பழைய பதிவேட்டை அப்படியே மின்னேட்டில் ஏற்றினால் பழைய மௌனமும் உடன் ஏறுகிறது.

இனி உரிமை பற்றி. படங்களை எல்லோர்க்கும் திறந்துவிடுவதே நன்மை என்பது இத்துறையினரின் பொதுவான கொள்கை. ஏடுகளுக்கு அது பொருந்தும். ஆனால் இன்னும் தறியில் ஓடிக்கொண்டிருக்கும் உருவரைக்கு அது அப்படியே பொருந்துமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்கே பாதுகாப்பு அளிக்கிறது. அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகள். பரம்பரை உருவுக்கு அதில் இடமில்லை. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கும். ஒவ்வொரு பூவையும் யாளியையும் காக்காது. நுணுக்கமான படம் ஒன்று பொதுவெளிக்கு வந்தபின், அதைப் பார்த்து விசைத்தறியில் ஓட்டுவதைத் தடுப்பது எளிதன்று.

இதற்கு வழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்கள், தம் முன்னோரின் படங்களுள் எவற்றை எவர் காணலாம் என்பதைத் தம் மரபுப்படி வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை, அமெரிக்க அறிஞர் கிம்பர்லி கிறிஸ்டன் என்பாருடன் சேர்ந்து 2007-ஆம் ஆண்டளவில் உருவாக்கினர். ‘முக்குர்த்து’ என்று பெயர்பெற்ற அந்த மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. சில படங்கள் எல்லோர்க்கும், சில குடும்பத்தார்க்கு, சில பெண்களுக்கு மட்டும் என்று பிரிக்க அதில் வசதி உண்டு. வகுப்புகளில் முப்பரிமாண வித்தைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையேனும் இத்தகைய ஏற்பாட்டுக்கு ஒதுக்கினால், பயில்வோர் ஊர் திரும்பியபின் உபயோகப்படும்.

கூட்டுறவுச் சங்கங்கள் தம் உருவரைஞர் ஒருவரை, அல்லது பத்தாம் வகுப்பு முடித்துத் தறிக்கு வந்த ஒரு பெண்ணை, இத்தகைய வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது நம் கருத்து. கடல் கடந்த வகுப்புகளின் கட்டணமும் பயணச் செலவும் நம்மால் தாங்கக்கூடியவை அல்ல. ஆயினும் 2020-க்குப்பின் பல பயிற்சிகள் வீட்டிலிருந்தே பயிலும்படி நடத்தப்படுவதால் கதவு சிறிது திறந்திருக்கிறது. ஆங்கிலம் ஒரு தடை என்பதை மறுப்பதற்கில்லை. அதனினும் பெரிய தடை, வகுப்பு நடத்துவோர் நெசவாளரைத் தகவல் தருபவராக மட்டுமே கருதி, ஒருநாள் தறிக்கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதாகும். ஆசிரியருக்கு உரிய நாட்கூலியும் ஆசிரியர் பட்டியலில் பெயரும் அவருக்கும் அளிக்கப்பட வேண்டும். அருங்காட்சியகத்தார் நம் சங்கத்துப் பழைய உருவரைகளைப் படமெடுக்க அனுமதி கேட்டு வந்தால், நெய்தவர் பெயருக்கு ஒரு பத்தி, மறுபுறப் படத்துக்கு ஓர் இடம், சங்கத்துக்கு ஒரு முழுப் பிரதி ஆகியவற்றை எழுத்து மூலமாகப் பெற்ற பின்னரே காரியதரிசிகள் கையொப்பமிட வேண்டும்.

வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பல வீடுகளில் கட்டத்தாள் உருவரைகள் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றன; அவற்றைப் பார்த்ததும் இது யார் போட்டது, எந்தக் கல்யாணத்துக்கு நெய்தது என்று சொல்லக்கூடியவர்கள் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் வரைந்தவர் பெயர், நெய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இந்த மழைக்காலத்துக்குள் எழுதி வைத்துவிடலாம். பென்சிலால் எழுதுவது நல்லது. மை ஈரம் பட்டால் முன்புறத்து உருவிலும் ஊறிவிடும்.