மைக்கை அணைத்துக்கொள்ளச் சொல்பவர்களுக்கு

நாற்பதைக் கடந்த ஒரு தமிழ் விரிவுரையாளர் இரவு பதினொரு மணிக்கு மேல் கணினியில் ஜாம்பிகளைக் கோடரியால் வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் இரண்டு வகைச் சிரிப்பு கிடைக்கும். ஆண்களின் சிரிப்பு எனக்குப் பழக்கம். மற்றது நம் தோழிகளுடையது. "அது பசங்க வெட்டியா பொழுது போக்குற இடம்ப்பா, அங்க போய் என்ன பெண்ணுரிமை?" என்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில்.

நான் விளையாடுவது புராஜெக்ட் ஜொம்பாய்ட். தி இண்டி ஸ்டோன் என்ற சிறு குழு உருவாக்கியது. 2013 முதல் ஸ்டீமில் கிடைக்கிறது. கதை நடக்கும் காலம் 1993, இடம் அமெரிக்காவின் கென்டக்கி. தொற்று பரவி ஊர் முழுக்கச் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். நாம் எப்படிச் சாகப்போகிறோம் என்பதுதான் கதை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். வெற்றி என்று ஒன்று கிடையாது. எத்தனை நாள் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு. ஜாம்பி ஒருமுறை கடித்துவிட்டால் பிழைக்க வழியே இல்லை. ஓடினால் காலடிச் சத்தம் கேட்டு வருவார்கள். ஜன்னலை உடைத்தால் தெருவே திரண்டு வரும். அதனால் குனிந்து, மெதுவாக, சுவரோரமாக நடக்க வேண்டும். இருட்டியதும் ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே பின்கதவு எங்கே என்று பார்த்து வைக்க வேண்டும்.

இதெல்லாம் இளைஞர்களுக்குத் திகிலான புது அனுபவமாம். யூடியூபில் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறார்கள். கடைசிப் பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பாடம் தேவைப்படாது. சாவியை விரலிடுக்கில் வைத்துக்கொள்வது, பின்னால் வரும் செருப்புச் சத்தத்தின் வேகத்தை அளப்பது, விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வது. இவற்றுக்கு யாரும் நமக்கு மதிப்பெண் போட்டதில்லை.

தனியாக விளையாடும்போது அங்கே எனக்குக் கிடைப்பது ஓர் அபூர்வமான சமத்துவம். பாத்திரம் ஆணா பெண்ணா என்பதால் பலமோ வேகமோ மாறுவதில்லை. சமையல், தையல், தச்சு, விவசாயம் எல்லாமே உயிர்பிழைக்கும் திறன்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள். சட்டையில் ஒழுங்காக ஒட்டுப்போடத் தெரிந்தவர் கடியிலிருந்து தப்ப வாய்ப்புண்டு. வீட்டில் ஒரு பொத்தான் தைக்காத ஆண்கள், இந்த விளையாட்டில் நடுராத்திரியில் உட்கார்ந்து கிழிந்த ஜீன்ஸுக்கு ஒட்டுப்போடுகிறார்கள். யாரும் பார்க்காதபோது அவர்களுக்கும் அது வேலையாகவே தெரிகிறது.

2021 டிசம்பரில் வந்த பெரிய மாற்றத்துக்குப் பிறகு பலரும் சேர்ந்து ஆன்லைனில் விளையாடுவது பரவலாயிற்று. பக்கத்தில் நிற்பவர் பேசினால் குரல் கேட்கும், தள்ளிப்போனால் தேயும். அழகான ஏற்பாடு. நான் தமிழ் பேசுபவர்கள் நடத்திய ஒரு சர்வரில் சேர்ந்தேன். முதல் இரண்டு நாள் தட்டச்சு மட்டும் செய்தேன். கிடங்கில் சரக்கு எடுக்க என்னை முன்னால் அனுப்பினார்கள், பின்னால் வந்தார்கள். மூன்றாம் நாள் மைக்கை ஆன் செய்து "இடப்பக்கம் ரெண்டு பேர் வர்றாங்க" என்றேன். ஒரு நொடி மௌனம். பிறகு, "பொண்ணா?" அதன்பின், "அக்கா, கல்யாணம் ஆயிடுச்சா?" அன்றிரவே வேலைப் பங்கீடு மாறிவிட்டது. "அக்கா, நீங்க பேஸ்லயே இருங்க. சமையல் லெவல் ஏத்துங்க. வெளிய நாங்க பாத்துக்கிறோம்."

உலகமே செத்து முடிந்திருக்கிறது. அரசு இல்லை, மின்சாரம் இல்லை, மாமியார்கூட இல்லை. ஆனாலும் அடுப்படி மட்டும் எனக்காகக் காத்திருந்தது. கலிங்கத்துப்பரணி நடத்தும்போதெல்லாம் எனக்கொரு எரிச்சல் வரும். போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடும் பகுதியில், வா வா என்று பெயர்சொல்லிக் கூப்பிடப்படுபவை பெண்பேய்கள். பேயான பிறகும் துடுப்பு கையை விட்டுப் போவதில்லை.

மாட்டேன் என்று சொன்னேன். இருபத்தேழு நாள் உயிரோடிருந்த என் பாத்திரம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவன் வேலிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு காரின் ஹாரனை அழுத்தினான். கூட்டம் உள்ளே வந்தது. நான் செத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் மைக்கில் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெண்ணின் உடலைப் பற்றித் தமிழில் என்னவெல்லாம் சொல்ல முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிர்வாகிக்குப் புகார் எழுதினேன். "மியூட் பண்ணிட்டு விளையாடுங்க" என்று பதில் வந்தது. அதே சர்வரில், பொருள்களைக் குறுக்குவழியில் பெருக்கிக்கொண்ட ஒருவனை அதே வாரத்தில் நிரந்தரமாக நீக்கினார்கள். அட்டைப்பெட்டி எண்ணிக்கையில் ஏமாற்றினால் குற்றம், பெண்ணை விரட்டினால் கலகலப்பு.

எனக்குக் கிடைத்த மற்ற ஆலோசனைகளும் இதே ரகம். ஆண் பெயர் வைத்துக்கொள். குரலை மாற்றும் மென்பொருள் இருக்கிறது. தெரிந்தவர்களோடு மட்டும் விளையாடு. பெண்ணுருவைக் கழற்றி வைத்தால்தான் வெளியில் நடமாடலாம் என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. கணவனுக்காகச் சுமந்த தசையைக் கழித்துவிட்டுப் பேயுருவம் வேண்டும் என்று காரைக்கால் அம்மையார் கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். அம்மையார் கேட்டது அவர் முடிவு. நிர்வாகி எனக்குச் சொல்வது அவன் வசதி.

"வெறும் கேம்தானே" என்பவர்கள் 2014 அக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். வீடியோ கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று யூடியூபில் தொடர் வெளியிட்ட அனிதா சர்கீசியன், அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசவிருந்தார். பேசினால் படுகொலை நடக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு அரங்குக்கு வருவதை மாநிலச் சட்டப்படித் தடுக்க முடியாது என்று சொல்லப்பட்டதும் அவர் பேச்சை ரத்து செய்தார். ஒரு பெண் விளையாட்டைப் பற்றிப் பேசக்கூட முடியாது என்றால் அது வெறும் விளையாட்டு இல்லை.

இனி தோழிகளுக்கு. பெண்ணின் பொழுதுபோக்கு ஒரு பிரச்சினையா என்கிறீர்கள். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். என் வீட்டுக் கதையும் இதில் அடக்கம். தனியாக விளையாடும்போது நிறுத்தி வைக்கலாம்: குக்கர் விசில், மகளின் ரெக்கார்டு நோட், மாமனாரின் மாத்திரை. ஆன்லைனில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. எழுந்து போனால் நின்ற இடத்தில் சாவு. அதனால்தான் நம் பெண்களில் பலர் தனி ஆட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். நிறுத்தி நிறுத்தித் தொடரக்கூடிய பொழுது மட்டும்தான் நமக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நாவல் படிப்பதும் கவிதை எழுதுவதும் அப்படித்தான் நடக்கிறது என்பதை, நாற்பது வயதில் இரண்டே தொகுப்பு வைத்திருக்கும் நான் சொன்னால் நம்புவீர்கள். இடையில் எழுப்பப்படாத இரண்டு மணிநேரம் ஒரு பெண்ணுக்கு எதற்குத் தேவை என்று நிரூபிக்கச் சொல்லாதீர்கள். வெட்டியாக இருப்பதற்கும் அது தேவை. ஆண்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

என்னிடம் படித்த சிலரும் நானுமாக இப்போது பெண்களுக்கென்று ஒரு சர்வர் நடத்துகிறோம். ஆறு பேர். நிம்மதியாக இருக்கிறது, மறுக்கவில்லை. கூட்டமான ரயிலில் மகளிர் பெட்டியைக் கண்டதும் வரும் அதே நிம்மதி. ஆனால் மகளிர் பெட்டி இருக்கிறதே என்று சொல்லி மற்ற பெட்டிகளிலிருந்து நம்மை இறக்கிவிட முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறு பேரும் பொதுச் சர்வர்களுக்குப் போகிறோம். சொந்தப் பெயரில், மைக்கை ஆன் செய்துகொண்டு. "பொண்ணா?" என்று கேட்டால் ஆமாம் என்கிறோம். சமையல் யாருடையது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம். தொல்லை கொடுப்பவனின் பேச்சைப் பதிவு செய்து, ஆறு பேரும் ஆறு புகார் அனுப்புகிறோம். போன மாதம் ஒரு சர்வர் நிர்வாகி தன் விதிமுறைகளில், ஏமாற்று வேலைக்கு நீக்கம் என்ற வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். இன்னொருவர் எங்கள் ஆறு பேரையும் நீக்கினார்.