ரத்தத்துக்கு ஒரு காவற்காரர்

அரிவாள்மணையில் விரல் பட்டு ரத்தம் கசிகிறது. சற்றைக்கெல்லாம் உறைந்து நின்றுவிடுகிறது. அந்த உறைதல் விரலோடு நிற்காமல் கை நெடுகப் பரவி விடுவதில்லையே, ஏன்?

ரத்தத்தில் காவற்காரர் இருக்கிறார். 'ஆன்டித்ராம்பின்' என்று பெயர். கல்லீரல் செய்து அனுப்பும் புரதம் அது. ரத்தத்தை உறைய வைக்கும் 'த்ராம்பின்' வழிதவறி வந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு விடுவதே இல்லை. இரண்டும் சேர்ந்தே கல்லீரலுக்குப் போய்ச் சில நிமிஷங்களில் அழிகின்றன. திருடனோடு போலீஸ்காரரும் போய்விடுகிறார், பாவம்! சண்டைக்கே போகாதவையும் இரண்டு மூன்று நாளில் பாதியாகிவிடும். ஆகவே கல்லீரல் ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

சிலருக்குப் பிறவியிலேயே இது பாதியளவுதான். 1965-ல் நார்வே டாக்டர் எகெபெர்க் இப்படி ஒரு குடும்பத்தைக் கண்டு எழுதினார். அதில் பலருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டது. சிறுநீரக நோய் சிலவற்றில் இப்புரதம் சிறுநீரோடு ஒழுகியும் போய்விடும்.

கர்ப்ப காலத்திலும், பிரசவமான சில வாரங்களிலும் எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் உறையும் குணம் அதிகம். காவற்காரர் குறைந்தவர்களுக்குக் கேட்க வேண்டுமா? ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிராமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்கே ஓடுங்கள்.

பிறந்த வீட்டில் யாருக்காவது இளவயதில் ரத்தம் கட்டியதுண்டா என்பதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் போடும் ஹெபாரின் ஊசி, இந்தக் காவற்காரரை ஆயிரம் மடங்கு சுறுசுறுப்பாக்கித்தான் வேலை செய்கிறது. அவரே குறைவாக இருந்தால் வழக்கமான அளவு ஊசி போதாமல் போகலாம்.